வில்லேந்தியவர்க்குப் பெயர் வேண்டாமா?

"பையன் என்ன செய்கிறான்?" என்று பெண் வீட்டார் கேட்க, "சினிமாவில் வயலின் வாசிக்கிறான்" என்று விடை வருமாயின், அடுத்த வினா எதுவாக இருக்கும் என்பதை நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். "அது சரி, வேலை என்ன?" என்பதே அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் ஆசிரியரிடம் அடங்கியிருந்து பயின்று, இடக்கை விரல் நுனிகள் காய்த்துப்போய், முன்பின் கண்டிராத இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பிழையின்றி வாசிக்கும் ஆற்றல் பெற்ற ஒருவரின் உழைப்பு, நம் இல்லங்களில் இன்னும் 'வேலை' என்னும் பெயரைப் பெறவில்லை. வங்கியில் எழுத்தராக இருப்பது வேலை. வளைகுடா நாட்டில் கிடங்குக் கணக்கு எழுதுவது வேலை. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் வில்லேந்தி அமர்வது மட்டும் ஏதோ விதிவசத்தால் நேர்ந்துவிட்ட ஒன்று! அந்த இரண்டாம் வினாவுக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கோடம்பாக்கம் என்று நாம் சொல்வது ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயரை மட்டுமன்று. 1948-இல் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. வாகினியும் பிரசாத்தும் எழுந்தன. வடபழனியும் சாலிகிராமமும் அதன் நீட்சிகளாயின. அந்நாளில் பெரிய ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்திற்கு இசைக்குழு வைத்திருந்தன. பின்னர் அம்முறை தேய்ந்து, கால்ஷீட் கணக்கில் கூலி என்னும் முறை நிலைபெற்றது. காலையில் வயலின் பெட்டியுடன் ஒருவர் கூடத்துக்குள் நுழைகிறார். தாம் வாசிக்கப்போவது காதற்பாட்டா, ஒப்பாரியா, சண்டைக்காட்சியின் பின்னணியா என்பது அவருக்குத் தெரியாது. மை உலராத நோட்ஸ் அவருக்கு முன்னே வைக்கப்படுகிறது. ஓரிரு ஒத்திகை, பிறகு டேக். ஒரே தடத்தில் அனைவரும் ஒருங்கே பதிவு செய்யப்பட்ட நாள்களில், இருபது பேரில் ஒருவருடைய வில் ஒரு கணம் பிசகினாலும் பாடகர் முதல் தபேலாக்காரர் வரை அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிசகியவர் யார் என்பது கூடத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அந்த அச்சத்தினூடே நாள்தோறும் பிசகாமல் வாசித்தவர்களைத்தான் 'பக்கவாத்தியக்காரர்' என்று நாம் ஒற்றைச் சொல்லில் ஒதுக்குகிறோம்.

இவர்தம் கைகளைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஐரோப்பிய இசைக்குழு எதிலும் இதற்கு நிகரான திறமையைத் தேடிக் காண்பது அரிது. கர்நாடக வயலினும் மேனாட்டு வயலினும் ஒரே மரக்கருவிதான். ஆனால் நம் மரபில் வாசிப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்கிறார். கருவியின் தலை வலக் கணுக்காலில் தங்குகிறது. தந்திகள் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டப்படுகின்றன. கருவியைத் தாங்கும் பொறுப்பினின்று விடுபட்ட இடக்கை, தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் சென்று கமகங்களைப் பிறப்பிக்கிறது. மேனாட்டு முறையிலோ கருவி தாடைக்கும் தோளுக்கும் இடையே நிற்கிறது. தந்திகளின் சுருதி வேறு, விரல்களின் இலக்கணம் வேறு, வில் மேலேறுவதும் கீழிறங்குவதும்கூட எழுதிவைத்த குறிப்பின்படியே. கோடம்பாக்கத்து வயலின் கலைஞரிடம் இவ்விரு மொழிகளும் ஒரே பொழுதில் கேட்கப்பட்டன. பல்லவிக்கு முன்வரும் இசையில் அவர் வியன்னா நகரத்தவரைப் போல் ஒலிக்க வேண்டும். சரணத்துக்கு முன்வரும் இசையில் கரகரப்பிரியாவின் காந்தாரத்தை அசைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே தாளில், ஒரே கால்ஷீட்டில். இப்படி இருமொழி பேசும் விரல்களை எந்தக் கல்லூரியும் அவர்க்குத் தந்துவிடவில்லை. ஒலிப்பதிவுக் கூடமே தந்தது.

இவ்வுலகின் தலைசிறந்த சான்றாக நாம் காட்ட விரும்புவது வி. எஸ். நரசிம்மன் அவர்களின் இசைவாழ்வை. இளையராஜாவின் இசைக்குழுவில் முதல் வயலினாக அமர்ந்து அவர் வாசித்தவற்றை, அவருடைய பெயரே அறியாமல் தமிழகம் முழுவதும் கேட்டிருக்கிறது. தேநீர்க்கடை வானொலியில் கேட்டது, பேருந்தில் கேட்டது, கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. 1986-இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு இளையராஜாவால் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் பாடகர் இல்லை, திரைக்காட்சி இல்லை, பாடலாசிரியரும் இல்லை. ஆகவே வயலின் தானே முன்வந்து பேசவேண்டியதாயிற்று, பேசியவர் நரசிம்மன். அதற்கு முன்பே, 1984-இல், கே. பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' படத்திற்கும், 1985-இல் 'கல்யாண அகதிகள்' படத்திற்கும் அவர் இசையமைத்திருந்தார். ஒருமுறை இசையமைப்பாளராகிவிட்டவர் மீண்டும் குழுவில் ஒருவராய் அமர்வதைத் தாழ்வாகக் கருதுவது திரையுலக வழக்கம். அவர் அவ்வாறு கருதவில்லை. பிறருடைய குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்தார்.

1993-இல் அவர் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்னும் நால்வர் குழுவைத் தோற்றுவித்தார். அவருடன் இரண்டாம் வயலினில் மோகன் ராவ், வயோலாவில் பி. ஜே. சந்திரன், செல்லோவில் வி. ஆர். சேகர். மேனாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்று வழங்கும் சிற்றரங்க இசையின் உயரிய வடிவம் இந்த நால்வர் இசை. இதில் கையசைத்து நடத்தும் கண்டக்டர் இல்லை. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டே தொடங்க வேண்டும், ஒருவர் தணியும்போது மற்றவர் எழ வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இசை அது. தியாகராஜர் போன்றோரின் கீர்த்தனைகளை இக்குழு எடுத்துக்கொண்டது. முதல் வயலின் ராகத்தை அதன் கமகங்களோடு சிதையாமல் பாட, ஏனைய மூன்று கருவிகளும் அதனைச் சுற்றித் தத்தம் தனிவழிகளில் நடந்தன. ராகத்துக்கு ஒத்திசை சேர்த்தால் ராகம் செத்துவிடும் என்பது நெடுநாளைய எச்சரிக்கை. அது பொருளற்ற எச்சரிக்கையன்று என்பதையும் ஒப்புவோம். அசைந்துகொண்டே இருக்கும் ஒரு சுரத்துக்கு அடியில் அசையாத சுரக்கூட்டத்தை வைத்தால் இரண்டும் உராயத்தான் செய்யும். அந்த உராய்வை எங்கே தவிர்ப்பது, எங்கே பயன்கொள்வது என்பதை அறிய, நாற்பது நிமிடத்தில் நான்கு பாணிகளுக்கு மாறிப் பழகிய கைகள் தேவைப்பட்டன.

இங்கேதான் ஒரு போலிப் பாராட்டை நாம் மறுக்க வேண்டியிருக்கிறது. "பாவம், வயிற்றுப்பாட்டுக்குச் சினிமாவில் வாசித்தார், ஆன்ம நிறைவுக்கு நால்வர் குழு வைத்தார்" என்று இரக்கத்தோடு சொல்வார் உளர். இது பாராட்டுப் போலத் தோன்றும் இகழ்ச்சி. கூலிக்கு வாசித்தது கலையன்று, கூலியின்றி வாசித்தது மட்டுமே கலை என்னும் கருத்து இதன் அடியில் கிடக்கிறது. நால்வர் இசைக்கே தந்தை எனப் போற்றப்படும் ஹைடன், எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் முப்பதாண்டுக் காலம் சீருடை அணிந்த ஊழியராக இருந்தவர். பிரபு கேட்டபோது கேட்டதை எழுதிக் கொடுப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஹைடனின் சீருடையை மரியாதையோடு நினைவுகூரும் நாம், நரசிம்மனின் கால்ஷீட்டை மட்டும் ஏன் முகம் சுளித்துப் பார்க்கிறோம்? தொலைவில் உள்ள கூலி புனிதமாகவும், ஆற்காடு சாலையில் உள்ள கூலி இழிவாகவும் தோன்றுவது பார்வைக் கோளாறேயன்றி வேறில்லை.

இசைக்குழுவின் நாற்காலி பிழைப்புக்கான இடம் மட்டுமன்று, அது ஒரு பள்ளியாகவும் இருந்தது என்பதற்கு மேலும் சான்றுகள் உண்டு. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. கே. ராமமூர்த்தி, சி. ஆர். சுப்பராமனின் குழுவில் வயலின் வாசித்தவர். விசுவநாதனோடு இணைந்து அவர் தந்தவற்றைத் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சாமுவேல் ஜோசப் என்னும் கிறிஸ்தவ இளைஞர் இக்கோடம்பாக்கத்தில் வயலின் வாசித்தே வளர்ந்து, 'ஷ்யாம்' என்ற பெயரில் மலையாளத் திரையிசையின் முன்வரிசைக்கு உயர்ந்தார். அவரை நம்மவர் எத்தனை பேர் அறிவர்?

வயலின் நமக்கு அந்நியம் என்று சொல்வோர்க்கும் ஒரு சொல். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இதே சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியரிடமிருந்து இக்கருவியைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். மறுதிசையில், ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர் 1890-களில் கர்நாடகக் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறிப்பில் எழுதி அச்சிட்டார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய அவர், தம் பொருளையும் கண்பார்வையையும் அப்பணியில் இழந்தார். நரசிம்மன் குழுவின் முன்னேயுள்ள இசைத்தாளுக்கு அவரே மூதாதை எனலாம்.

சினிமா இசைக்கும் ஆலயத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். பம்பாயைப் பாருங்கள். அந்நகரத் திரையிசைக் கூடங்களில் பல்லாண்டுகள் வயலின் வரிசைகளை நிரப்பியவர்கள் கோவாக் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கக் கற்பித்தவை கோவாவின் பங்குப் பள்ளிகள். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய அம்மரபில், ஏழை மீனவர் மகனும் உழவர் மகனும் எழுத்தோடு சுரமும் கற்றார்கள். மஜோர்டா ஊரில் 1927-இல் பிறந்த அந்தோணி கொன்சால்வெஸ் ஆலயப் பாடகர் குழு ஆசிரியரின் மகன். பம்பாயில் வயலின் கலைஞராகவும் இசை ஒழுங்கமைப்பாளராகவும் உயர்ந்து, பியாரேலாலுக்கு ஆசிரியரானவர். 1958-இல் இந்திய இசையையும் மேனாட்டு இசைக்குழுவையும் இணைக்கும் தம் கனவை, புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் 'இந்தியன் சிம்பொனி ஆர்க்கெஸ்டிரா'வாக அரங்கேற்றினார். 1977-இல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அவருடைய பெயரைப் பாட்டாக்கி மாணவர் நன்றி செலுத்தினார். நாடே அந்தப் பெயரைப் பாடியது. அப்பெயருடைய மனிதரோ மஜோர்டாவில் அமைதியாக வாழ்ந்து 2012-இல் மறைந்தார். அப்படி ஒருவர் உண்மையில் இருந்தார் என்பதே பாடியவர்களில் பெரும்பாலோர்க்குத் தெரியாது.

கோவாவில் பங்குகள் செய்ததைத் தமிழகத்துப் பங்குகள் தந்திக் கருவிகளுக்குச் செய்யவில்லை. சலேசிய சபையினரும் பிற துறவியரும் பேண்டு வாத்தியம் பயிற்றுவித்தார்கள். அது திருவிழாவுக்கும் தேர்ப்பவனிக்கும் உதவியது. வயலின் மட்டும் வசதியுள்ள இல்லங்களின் அலங்காரமாகவே நின்றுவிட்டது. இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஐந்தாம் நிலைச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் ஏறும். பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததும் கருவி அலமாரியின் உச்சிக்கு ஏறும். அதன்பின் அதனைக் கீழிறக்குவார் இல்லை.

இதற்கிடையே காலம் மாறிற்று. 1980-களின் பிற்பகுதியிலிருந்து மின்னணுக் கருவிகள் தந்திக் குழுவின் ஓசையைப் பெட்டிக்குள் அடைத்தன. இருபது பேர் செய்த வேலைக்கு ஒருவருடைய பத்து விரல்கள் போதும் என்றாயிற்று. ஏ. ஆர். ரஹ்மானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இங்கே உண்டு. நாம் அவர்களோடு சேரமாட்டோம். 1992-இல் 'ரோஜா' கொணர்ந்த ஓசை புதியது. அதை வெறுமனே சிக்கனம் என்று சொல்வது அறியாமை. மேலும், ஒலிநாடா உறைகளிலும் குறுந்தகட்டு உறைகளிலும் கருவி இசைஞர்களின் பெயர்களை அச்சிடும் நல்வழக்கத்தைத் தமிழ்த் திரையிசையில் ஊன்றியவர் அவரே. நம் வழக்கு அவர்மீதன்று. ஓசையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, அப்பெட்டிக்கு ஓசையைக் கற்பித்தவரை மறந்துவிட்ட சோம்பலின்மீதே.

பெட்டியின் ஓசை சலித்துப்போனவர்கள் மெய்யான தந்திகளைத் தேடினார்கள். ஆயின் கோடம்பாக்கத்துக்குத் திரும்பவில்லை. புடாபெஸ்டுக்கும் பிராகுக்கும் ஸ்கோப்யேக்கும் போனார்கள். 2005-இல் இளையராஜாவின் 'திருவாசகம்' இசைப்படைப்பு வெளிவந்தது. அருட்தந்தை ஜெகத் கஸ்பார் அவர்களின் தமிழ் மையம் முன்னின்று கொணர்ந்த அரும்பணி அது; மாணிக்கவாசகருக்கு ஒரு கத்தோலிக்கக் குரு செய்த சிறப்பை நாம் பெருமையோடு ஏற்கிறோம். ஆயினும் அதன் இசைக்குழு புடாபெஸ்டிலிருந்து பெறப்பட்டது. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறிய அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்ததும் ராயல் பில்ஹார்மோனிக் குழுவே. இதில் இளையராஜாவைக் குறைகூற ஒன்றுமில்லை. எண்பது தொண்ணூறு பேர் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருந்து பழகும் நிலையான குழு இருக்கும் இடத்துக்குத்தானே அவர் செல்ல முடியும்? ஆயிரக்கணக்கான படங்களுக்குத் தந்தி மீட்டிய சென்னை மாநகரில், மாதச் சம்பளம் தரும் சிம்பொனிக் குழு ஒன்றுகூட உருவாகவில்லை. 2006-இல் மும்பையில் 'சிம்பொனி ஆர்க்கெஸ்டிரா ஆஃப் இந்தியா' தொடங்கப்பட்டபோதும் அதன் இருக்கைகளில் பெரும்பான்மையோர் வெளிநாட்டவராகவே இருந்தனர். திறமை இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. திறமைக்கு ஒருநாட் கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் அது எங்கே போயிற்று என்று விசாரியாத ஏற்பாட்டின் விளைவு.

ஒருநாட் கூலியும்கூட எளிதில் வந்ததன்று. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் முன்னின்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்த பிறகே, கூலிக்கு ஒரு வரைமுறை ஏற்பட்டது. பொதுவுடைமை இயக்கத்திலிருந்து வந்த அவர், 1988-இல் மறையும் வரை சேர்ந்திசையை வளர்த்தவர். உழைப்பாளி தன் உழைப்பைவிடப் பெரியவன் என்று 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் விரித்துரைத்த கருத்தை, இவர் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே வயலின்காரரின் கூலிச்சீட்டில் எழுதிக் காட்டினார் என்றால் அது மிகையாகாது.

எனினும் கூலி வேறு, உரிமை வேறு. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, நிகழ்த்துநர்க்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு என்று வகுக்கப்பட்டது. நல்ல திருத்தம். ஆனால் அதே சட்டத்தில், 'நிகழ்த்துநர்' யார் என்பதை வரையறுக்கும் இடத்தில் ஒரு முடிச்சு கிடக்கிறது. ஒரு திரைப்படத்தில் தற்செயலாகவோ துணைநிலையிலோ பங்குகொண்டு, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் எங்கும் குறிக்கப்படாத ஒருவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார் என்பதே அது. அவருடைய நிகழ்த்துகையைச் சிதைத்தால் அதைத் தடுக்கும் உரிமை மட்டுமே அவர்க்கு எஞ்சும். முதல் வயலின் 'துணைநிலை'யா என்று வழக்கறிஞர்கள் வாதிட்டுக்கொள்ளலாம். ஆனால் பெயரை அச்சிடாமல் விடுவது மறதி மட்டுமன்று, அது ஒருவருடைய சட்ட நிலையையே ஆட்டம் காணச் செய்யக்கூடியது என்பது தெளிவு. திரைப்படம் முடியும்போது ஓடும் பெயர் வரிசையில் கார் ஓட்டியவர் பெயர் வருகிறது, உணவு வழங்கியவர் பெயர் வருகிறது. வரட்டும், அவர்களும் உழைத்தவர்களே. பன்னிரண்டு வயலின்காரர்களுக்கு மட்டும் இடமில்லாமற் போவது எப்படி?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். திரையுலகைச் சாடுவது எளிது, அங்கே நமக்கு வாக்கு இல்லை. நமக்கு வாக்கு உள்ள இடங்களில் என்ன நடக்கிறது? நம் பக்திப் பாடல் தொகுப்புகளின் உறைகளைப் புரட்டிப் பாருங்கள். பாடல் எழுதிய தந்தையின் பெயர், பாடிய பின்னணிப் பாடகரின் பெயர், ஆசியுரை வழங்கிய ஆயரின் படம், பொருளுதவி செய்த குடும்பத்தின் படம் எல்லாம் உண்டு. வாசித்தவர்கள் பெயர் உண்டா? நற்கருணைக்குப் பின்னர் நம்மை உருக்கும் அந்த ஒற்றை வயலினை வாசித்தவர் யார்? அவரும் கோடம்பாக்கத்திலிருந்தே வந்தார். அதே கால்ஷீட், அதே பெயரின்மை. யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடையாளரின் கூலியைப் பற்றிச் சொல்வதை நாம் நிலச்சுவான்தார்களுக்கு மட்டும் உரியதாக்கி வாசித்துவிடுகிறோம்.

திருமணத் திருப்பலிகளின் கதை இன்னும் வேடிக்கையானது. பலிபீடத்தைச் சுற்றி மலர் அலங்காரத்திற்குக் கேட்ட தொகை கொடுக்கப்படுகிறது. ஒளிப்படக்காரர் ஆலயத்தையே தம் கூடமாக்கிக்கொண்டு, குருவுக்கும் மணமக்களுக்கும் இடையே நடமாடி, உரிய தொகையைப் பெற்றுச் செல்கிறார். வயலின் வாசிக்க வந்தவரிடம் மட்டும், "ஆண்டவருக்குக் காணிக்கையாக வாசித்துவிடுங்கள், தம்பி" என்கிறார்கள். பூக்காரரிடம் இதைச் சொல்வார் உண்டோ? காணிக்கை என்பது கொடுப்பவர் தாமே முன்வந்து கொடுப்பது. பிறர் கையிலிருந்து நாம் எடுத்துக் கொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு.

ஞாயிறு திருப்பலியிலோ வயலினுக்கு இடமே இல்லாதபடி கீபோர்டு ஆட்சி செய்கிறது. ஒரு பொத்தானில் தாளம், மறு பொத்தானில் 'ஸ்டிரிங்ஸ்'. 1749-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆலய இசையைப் பற்றி எழுதியபோது, பாடலைத் தாங்கும் தந்திக் கருவிகளை ஏற்று, நாடகமேடை ஓசைகளை விலக்கினார். 1903-இல் புனித பத்தாம் பத்திநாதர் முரசு, கைத்தாளம் போன்றவற்றையும் பியானோவையும் ஆலயத்தினின்று விலக்கினார். அக்கடுமை இன்று இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நம் மண்ணின் பறையும் மிருதங்கமும் உள்ளே வந்தது மகிழ்தற்குரியது. ஆனால் கீபோர்டுப் பெட்டிக்குள் இருப்பது எந்த மண்ணின் பறை? எவர் கை அடித்த மிருதங்கம்? தோலும் இல்லை, கையும் இல்லை. மின்சாரம் நின்றால் இறைவனைப் புகழ்வதும் நின்றுவிடுகிறது. அதே சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குருமடங்களிலும் துறவியர் இல்லங்களிலும் மட்டுமன்றி, கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசைக்கல்விக்குச் சிறப்பிடம் தரப் பணித்தது. நம் பள்ளிகள் அதை எவ்வளவில் ஏற்றன என்பதைப் பெற்றோரே சொல்லட்டும். இசை வகுப்பு நேரத்தைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வது ஊரறிந்த செய்தி.

ஏழைப் பிள்ளைகளுக்கு வயலின் எதற்கு என்று கேட்பவர்கள் மேற்கு வங்கத்துக் காலிம்போங்கைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். கனடாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு எட்வர்டு மக்குவைர் 1993-இல், நரசிம்மன் சென்னையில் நால்வர் குழுவைத் தொடங்கிய அதே ஆண்டில், அங்கே காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் அங்கே உணவோடும் எழுத்தோடும் வயலினையும் பெற்றார்கள். இது புதுமையுமன்று. வெனிஸ் நகரில் 1703-இல் குருப்பட்டம் பெற்ற விவால்டி, அதே ஆண்டில் ஓர் அனாதை இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். அவர் பயிற்றுவித்த பெற்றோரற்ற பெண்பிள்ளைகளின் இசையைக் கேட்க ஐரோப்பாவே வந்தது. நம் கோடம்பாக்கத்திலோ, வறிய இல்லங்களின் சிறாரைத் தேர்ந்து தந்திக் கருவிகள் கற்பித்து 'சன்ஷைன் ஆர்க்கெஸ்டிரா' என்னும் குழுவாக்கியது, 2008-இல் ரஹ்மான் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரி. பக்கத்துத் தெருவில் ஓர் இஸ்லாமியச் சகோதரர் செய்ததை, விடுதிகளும் இல்லங்களும் மைதானங்களும் நிறைந்த நம் மறைமாவட்டங்கள் செய்ய இயலாதென்று எவரும் சொல்லமுடியாது.

நாம் கேட்பது பெரிய செலவன்று. ஸ்பெயினின் காடிஸ் நகரில் ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் பெரிய வெள்ளி வழிபாட்டிற்கென்றே இசை வேண்டி ஹைடனுக்கு எழுதினார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சிறு உரை, உரைக்குப்பின் மௌனம், அம்மௌனத்தில் இசை. ஏழும் மெதுவான நடையில் அமைந்தவை. கேட்போர் சலிக்காமல் ஏழு முறை மெதுவாக நடப்பது எளிதன்று என்று எழுதியவருக்கே தெரிந்திருந்தது. 1787-இல் அதனை அவரே நால்வர் குழுவுக்கும் மாற்றி எழுதினார். அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. பெரிய வெள்ளிச் சடங்கில் கருவியிசைக்கு இன்று கட்டுப்பாடு உண்டு என்பதை அறிவோம். ஆகவே திருவழிபாட்டிற்கு வெளியே, தவக்காலத்து மாலை ஒன்றில், சென்னையின் ஏதேனும் ஒரு பங்கு ஆலயத்தில் நான்கு நாற்காலிகள் போடலாம். வாசிக்கத்தக்கவர்கள் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சங்கம் வகுத்த கூலியை முன்னரே கொடுத்துவிட்டு அழைக்க வேண்டும். அழைப்பிதழில் ஆயர் பெயருக்கும் பங்குத்தந்தை பெயருக்கும் கீழே, உபயதாரர் பெயருக்கு மேலே, நால்வரின் பெயர்களையும் அவரவர் கருவியோடு அச்சிட வேண்டும். அன்று மாலை கீபோர்டை உறையிட்டு மூடிவைக்கலாம்.